இங்கே கிடப்பது யார்? நொய்யல் கரையில் ஒரு மயான நடை

பேரூருக்கு ஐந்து அதிசயங்கள் என்று கோவைப் பக்கம் சொல்வார்கள். பிறவாப் புளி, இறவாப் பனை, புழுக்காத சாணம் ஆகியவை மூன்று. நொய்யலில் இடும் எலும்பு நாளடைவில் கல்லாகிவிடும் என்பது நான்காவது. அந்த மண்ணில் உயிர் விடுகிற சீவன் எதுவானாலும் அதன் வலது காது மேல்நோக்கியே இருக்கும், பட்டீசுவரர் அந்தக் காதில் மந்திரம் ஓதி அனுப்பி வைக்கிறார் என்பது ஐந்தாவது. ஐந்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். விதை போட்டால் முளைக்காத புளி, சாவே இல்லாத பனை, புழுகூடப் பிறக்காத சாணம், மட்காத எலும்பு, கடைசி மூச்சில் காதோரம் வந்து பேசும் கடவுள். ஊரே உட்கார்ந்து பிறப்பையும் இறப்பையும் பற்றி யோசித்திருக்கிறது.

கோவையின் சாவு வரலாற்றை நடந்தே பார்ப்பது என்று முடிவானபோது, பேரூர்ப் படித்துறையில்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் வாத்தியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். வாத்தியார் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். நொய்யல் கரை ஊர்களில் அவர் கால் படாத இட்டேரி கிடையாது. எங்கள் மரபு நடைக் குழுவில் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த ஓர் அண்ணன், நகைப் பட்டறைக்காரர், அரசு மருத்துவமனையில் இருந்த ஒரு நர்சம்மா, கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள். கோயில், அணைக்கட்டு, பழைய மில் என்றால் குடும்பத்தோடு வருவார்கள். சுடுகாட்டு நடை என்றதும் பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல்தான் வந்தார்கள். என் அம்மா கதவருகே நின்று, "எழவுக்குப் போறதே போதாதா சாமி? சும்மா இருக்கறப்ப எதுக்கு மசானத்துக்கு? வந்தா பொறவாசல்ல தண்ணி வாத்துட்டு உள்ள வா" என்றார்.

படித்துறையில் எல்லாரும் வந்து சேர்ந்ததும் வாத்தியார் பேசியது கொஞ்சம்தான். "இன்னைக்குப் பூரா ஒரே கேள்விதானுங்க. ஒவ்வொரு எடத்துலயும் நின்னு கேளுங்க. இங்க கெடக்கறது யாருன்னு நமக்கு எப்படித் தெரியுது? அதை யாரு சொல்லி வெச்சாங்க?"

சாதாரண நாளிலேயே படித்துறையில் ஆள் இருக்கும். எள், தர்ப்பை, வாழை இலையில் பிண்டம், பக்கத்தில் பொறுமையாகக் காத்திருக்கும் காக்கைகள். நொய்யலில் தண்ணீர் ஓடும் மாதங்கள் குறைவு. வெள்ளியங்கிரி மலைப் பக்கம் நல்ல மழை பெய்தால்தான் ஆறு. மற்ற நாட்களில் குழாய்த் தண்ணீரில் தலை நனைத்துக்கொண்டு, வறண்ட மணலைப் பார்த்தபடி தர்ப்பணம் கொடுக்கிறார்கள். மணலில் வெள்ளைக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்கின்றன. எலும்பு கல்லாகும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று அவற்றைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும்.

எனக்குப் பேரூரில் மனதைப் பிசைவது ஆடிப்பெருக்குதான். அன்றைக்குப் படித்துறையில் பெண்கள் கூட்டம் நிறையும். முன்னோர்களுக்குச் செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண் பிள்ளைகளுக்கும், சின்னஞ்சிறு வயதில் தவறிய குழந்தைகளுக்கும் அன்று செய்கிறார்கள். ஏழு கூழாங்கல்லை எடுத்து வரிசையாக வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கன்னிமாராக நினைத்துக் கும்பிடுகிறார்கள். கைக்குழந்தை இறந்தால் நம் பக்கம் எரிப்பதில்லை, புதைப்பதுதான். மேளம் இல்லை, ஊர் திரண்டு வருவதில்லை, பெரியவர்களுக்குச் செய்வது போலக் கருமாதி இல்லை. சில நேரம் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் குழந்தைக்கு வருடத்தில் ஒரு நாள், ஆற்றங்கரையில், அம்மா கையால் ஒரு கல். சாயங்காலம் பார்த்தால் அது மற்றக் கற்களோடு கற்களாகக் கிடக்கும்.

பேரூர்ச் சாலையிலேயே நடந்து செல்வபுரம் தாண்டி சொக்கம்புதூர் மயானத்துக்கு வந்தோம். வெயில் ஏறிவிட்டது. உள்ளே எரித்த சாம்பல் ஒரு பக்கம், புதைத்த மேடுகள் ஒரு பக்கம். புதுசாக மூடிய ஒரு மேட்டின் மேல் நாய் பறிக்காமல் இருக்க முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு மண் கலயம், காய்ந்த செவ்வந்தி மாலை, பிரிக்காத பீடிக்கட்டு ஒன்று. அவருக்குப் பிடித்ததை யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் மழை பெய்தால் மேடு அமுங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் அடுத்தவர்.

இந்த மயானத்துக்கு மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி ஓர் இரவு உண்டு. மயான மண்ணிலேயே மாசாணியம்மனைப் பெரிய உருவமாகப் படுத்த நிலையில் செய்து, நள்ளிரவில் பூசை போடுகிறார்கள். அருள் வந்த பூசாரி எலும்பை வாயில் கவ்வியபடி ஆடுவார். வருடா வருடம் பத்திரிகையில் படம் வரும். அதை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர்களுக்குப் பயமோ வேடிக்கையோ தோன்றலாம். கும்பிடுகிறவர்களோடு நின்று பார்த்தால், கிடப்பவள் கொலையுண்ட ஒரு பெண் என்பதே முதலில் படும்.

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில்தான் மாசாணியின் தாய்க்கோயில். அங்கேயும் அம்மன் நிற்கவில்லை, உட்காரவில்லை. தெற்கே தலை வைத்து மல்லாந்து கிடக்கிறாள். ஊரார் சொல்லும் கதை இது. நன்னன் என்ற மன்னனுக்கு ஒரு காவல் மாமரம். அதன் காய் ஒன்று ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்க வந்த பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்காக அவன் அவளைக் கொன்றுவிட்டான். இதே சம்பவத்தைச் சங்கப் புலவர் பரணர் குறுந்தொகை 292-ஆம் பாட்டில் சொல்கிறார். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று உறவினர் கெஞ்சியும் கேட்காமல் பெண்கொலை புரிந்த நன்னன் என்கிறார். பாட்டு நன்னனின் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அவள் பெயர் பாட்டில் இல்லை. ஆனால் நன்னனுக்கு இன்றைக்கு ஒரு விளக்கு ஏற்ற ஆள் கிடையாது. அவளுக்கு அமாவாசைதோறும் கூட்டம் தாங்காது. திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், அடி வாங்கிய பெண்கள் எல்லாரும் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருகிறார்கள். அநியாயமாகச் செத்தவளுக்குத்தான் அநியாயம் புரியும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பெண், "அவளுக்குப் பேரு வெச்சது ராஜாவும் இல்ல, புலவரும் இல்லீங்களா சார்?" என்று கேட்டாள். "ஆமா அம்மிணி, மிளகா அரைக்கறவங்கதான்" என்றார் வாத்தியார்.

அங்கிருந்து உக்கடம் வழியாக நகரத்துக்குள் வந்தால் கதை மாறிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் பிடித்து உலுக்கியது. 1896-இல் பம்பாயில் இறங்கிய நோய், ரயில் போன இடமெல்லாம் போனது. வீட்டு மோட்டிலிருந்து எலி செத்து விழுந்தால் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் போய்விட வேண்டும். நெருக்கமான தெருக்களில் இருந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நெரிசலும் பிளேக்கும் சேர்ந்து துரத்தியதில்தான் ஊர் மேற்கே விரிந்து, இரத்தினசபாபதி முதலியார் பெயரில் ஆர்.எஸ்.புரம் எழுந்தது. அகலமான அந்தத் தெருக்களில் இன்றைக்குத் துணி எடுக்கப் போகிற யாருக்கும் அந்த அகலம் ஏன் என்று தோன்றுவதில்லை.

அந்தப் பிளேக்கில் போனவர்களுக்கு நகரத்தில் ஒரு கல் இல்லை. பெயர்ப் பட்டியல் எந்தச் சுவரிலும் இல்லை. இருப்பது பிளேக் மாரியம்மன்தான். கோவையில் அந்தப் பெயரிலேயே கோயில்கள் உண்டு. அம்மை கண்டால் மாரியம்மன் என்பது நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். இங்கே வெளிநாட்டு நோயின் பெயரையே சாமிக்கு முன்னொட்டாகப் போட்டுக் குடி வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் சனங்களின் மேல் பெரிய மதிப்பு வருகிறது. நகராட்சி மறந்ததை ஒரு கோயில் பெயர்ப்பலகை நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் நோயின் பெயர் நின்றுவிட்டது, செத்தவர்களின் பெயர் போய்விட்டது. அதுவும் உண்மை.

திருச்சி சாலையில் சுங்கம் பக்கம் இருக்கும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோதுதான் பெயர்கள் வந்தன. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு வேத வசனம். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு வந்தால் வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி அந்த இடம் வேறு மாதிரி இருக்கும். படிக்கத் தெரிந்த எவரும் அங்கே போய், முகம் பார்த்திராத ஒருவரின் வயதைக் கணக்குப் போடலாம். நகைப் பட்டறைக்காரர் குழந்தைகளின் கல்லறைகளாகத் தேடிப் படித்துக்கொண்டே போனார். கபர்ஸ்தானில் இன்னொரு மாதிரி. பெரும்பாலான கபர்களில் மண் மேடும் தலைமாட்டில் ஒரு செடியும்தான். ஏழை பணக்காரன் தெரியக் கூடாது என்பதே அதன் நோக்கம் என்று வாயிலில் இருந்த பெரியவர் சொன்னார்.

அன்றைய நடை ஆத்துப்பாலம் மின் மயானத்தில் முடிந்தது. எரிவது எரிவாயுவில்தான் என்றாலும் சனங்கள் வாயில் அது மின் மயானம். வாசலில் மருத்துவச் சான்று, ஆதார் நகல், பெயர், வயது, இறந்த காரணம் எல்லாம் வாங்கிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். உள்ளே தட்டில் ஏற்றிக் கதவு மூடினால், ஒரு மணி நேரத்துக்குள் சாம்பலைக் கலயத்தில் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் பாலூற்ற வேண்டியதை அப்போதே ஊற்றிவிட்டு, கலயத்தோடு நேராகப் பேரூருக்கோ பவானி கூடுதுறைக்கோ காரில் போகிறவர்கள் உண்டு.

உள்ளே வேலை செய்யும் ஒரு தம்பி எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். வாத்தியார், "கொரோனா சமயத்துல எப்படி இருந்துதுங்க தம்பி?" என்று கேட்டதும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 2021 மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. மயானங்களில் ராத்திரி பகல் அடுப்பு அணையவில்லை. "சொந்தக்காரங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பாங்க சார். உள்ள விட மாட்டோம். மொகத்த ஒருக்கா பாத்துக்கறோம்னு கெஞ்சுவாங்க. பையில கட்டி வந்துரும், எப்படிக் காட்டறது? கோடித்துணி கொண்டாந்து கேட்டுல குடுப்பாங்க. நான் வாங்கி அவங்க கண்ணு முன்னாலயே அந்தப் பை மேல போடுவேன். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது."

நர்சம்மா அதைக் கேட்டுவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அந்த மாதங்களில் அவரும் வார்டில் இருந்தவர்.

நம் பக்கத்துச் சாவு வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உண்டு. மாமன் வீட்டுக் கோடி, மகள் கொண்டுவரும் அரிசி, பேரன் பிடிக்கும் நெய்ப்பந்தம், கொள்ளி வைப்பவன் தோளில் மூன்று சுற்றுச் சுற்றி உடைக்கும் தண்ணிக்குடம். ஒப்பாரியில் பெண்கள் செத்தவரின் வாழ்க்கையையே வரிசைப்படுத்திச் சொல்லிவிடுவார்கள். எந்தக் காட்டைத் திருத்தினார், எந்தக் கிணறு வெட்டினார், எந்த மகளுக்கு என்ன செய்யாமல் விட்டார் என்பதெல்லாம் அதில் வரும். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, செத்த அன்று அவருடைய அக்கா பாடிய ஒப்பாரியில் இருந்துதான் அவருக்கு முன்பு ஒரு தங்கச்சி இருந்து சின்ன வயதில் போய்விட்ட விஷயமே எங்களுக்குத் தெரிந்தது. எழுதாத வரலாற்றைப் பெண்கள் பாடி வைத்திருந்தார்கள். கொரோனாவில் போனவர்களுக்கு ஒப்பாரி இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்தப் பதிவேட்டில் ஒரு வரி.

அடுத்த ஞாயிறு வேன் வைத்துக்கொண்டு கிழக்கே போனோம். முதலில் விசயமங்கலம். சனங்கள் நெட்டைக் கோபுரம் என்று சொல்லும் சமணக் கோயில் அங்கே இருக்கிறது. சிரவணபெளகொளாவில் கோமதேசுவரர் சிலையை எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் நிசீதிகைக் கல்வெட்டு அந்தக் கோயிலில் உண்டு. சமணத்தில் வடக்கிருந்து உயிர் துறப்பது பெரிய தவம். பெரிய இடத்துப் பெண், பெரிய தவம், அதனால் கல்லில் பெயர். ஆயிரம் வருடம் கழித்தும் கூப்பிட முடிகிறது.

அப்புறம் கொடுமணல். நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்குத் தென்மேற்கே. கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுதான் என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள். எ.சுப்பராயலுவும் கா.ராஜனும் செய்த வேலை. இரும்பு உருக்கிய உலை, மணி கோத்த பட்டறைகள், கீறிய எழுத்துள்ள பானை ஓடுகள் என்று ஒரு தொழில் நகரமே வெளியே வந்தது. ஊருக்கு வெளியே ஈமக்காடு. பெரிய பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டி போல அடைத்து, ஒரு பலகையில் இடுதுளை விட்டு, மேலே மூடுகல் போட்டு, சுற்றிக் கல்வட்டம் வைத்திருக்கிறார்கள். சனங்கள் இந்த மாதிரிக் குழிகளைப் பாண்டியன் குழி, பாண்டு குழி என்பார்கள். கோவை மாவட்டத்துக் கல்வட்டங்களைப் பற்றி வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1875-லேயே எழுதியிருக்கிறார்.

இடுதுளை எதற்கு என்பதில் பல பேச்சு உண்டு. உயிர் போய் வர என்பார்கள். மறுபடி மறுபடி எலும்பையும் படையலையும் உள்ளே வைக்க என்பார்கள். நான் ஒரு பலகைக் கல் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து அந்தத் துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் சொரசொரப்பாகவே விட்டுவிட்டு, விளிம்பை மட்டும் உளியால் கொத்திக் கொத்தி வழவழப்பாக்கியிருக்கிறார்கள். கை உரசாமல் போய் வர வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரே ஈமக்குழியில் 2220 சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் நம் ஊர்க் கல் இல்லை, வடக்கே குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொன்றாகத் துளை போட்ட மணிகளை ஒரு பிணத்தோடு மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும். ஆதன், சாத்தன் என்று இதே கொடுமணலின் பானை ஓடுகளில் பெயர்கள் கீறியிருக்கின்றன. 2220 மணிகளோடு போனவரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் தோண்டிய ஈமக்குழியில் ஒரு சாடி நிறைய நெல் இருந்தது. காலக்கணிப்பில் அது கி.மு. 490 என்று வந்தது. பொன்னோ மணியோ வைக்கிறது ஒரு மரியாதை. சாடி நிறைய நெல் வைக்கிறவர்கள், போகிற இடத்தில் பசிக்கும் என்று நினைத்தவர்கள்.

மணிமேகலைக் காப்பியத்தில் சக்கரவாளக் கோட்டம் என்ற சுடுகாட்டைச் சொல்லும் இடத்தில் சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று ஐந்து விதம் வரும். எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளத்தில் வைத்து அடைப்பது, தாழியில் வைத்துக் கவிழ்ப்பது. ஒரே ஊரின் சுடுகாட்டில் ஐந்தும் நடந்திருக்கின்றன. எங்கள் முறைதான் ஆதிமுறை என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டலாம்.

கொடுமணலில் பார்த்தது போலப் பெரிய கற்களை அடுக்கிப் புதைத்த பெருங்கற்படைக் காலம் போய்விட்டது, கல் வைக்கும் பழக்கம் போகவில்லை. திரும்பும் வழியில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் வாத்தியார் வேனை நிறுத்தச் சொன்னார். வேலியோரம் வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புலிகுத்திக்கல். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறிக் கறுத்திருந்தது. வீரனின் கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. புலி பின்னங்கால்களில் நின்று முன்னங்காலை அவன் தொடையில் வைத்திருக்கிறது. அவன் இரண்டு கையாலும் ஈட்டியை அதன் வாய்க்குள் இறக்குகிறான். சிற்பி ரொம்பத் தேர்ந்தவர் இல்லை. ஆனால் புலியின் வாலை மேலே தூக்கிச் சுருட்டி விட்டதில் அதன் கோபம் வந்துவிட்டது. வீரனின் முகத்தில் பயம் தெரியவில்லை, தேய்ந்தும் போய்விட்டது. ஆடு மாட்டைக் காக்கப் போய்ப் புலியிடம் பட்டவர்கள் இவர்கள். மேய்ச்சல் காடாக இருந்த கொங்கில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். சில ஊர்களில் இதையே நரிகடிச்சான் கோயில் என்பார்கள். நரி என்று சொல்லிச் சொல்லிப் புலியே மறந்துவிட்டது.

அதே மாதிரி வீரமாத்தி கோயில்கள். புருசனோடு தீயில் இறங்கிய பெண்ணைக் கல்லில் வைத்துக் குலதெய்வமாகக் கும்பிடுகிறார்கள். கையை மடக்கி உயர்த்தியிருப்பாள், கையில் வளையல் அழியாமல் இருக்கும். கும்பிடுகிறவர்களின் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது அவள் விரும்பித்தான் போனாளா என்ற கேள்வி எனக்குத் தொண்டையில் அடைக்கிறது. கொன்ற நன்னனை ஊர் பழித்தது. இவளைத் தீக்கு அனுப்பியவர்களை யாரும் பழிக்கவில்லை.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பது முதல் படையல் போட்டு வாழ்த்துவது வரை. வாத்தியார் இதைச் சொல்லி முடித்ததும் மில் அண்ணன், "ஏனுங்க, இதை நாம கருமாதிக்குப் பண்றமே?" என்றார். உண்மைதான். பல வீடுகளில் கருமாதியில் ஒரு கல்லை எடுத்துக் கழுவி, ஊன்றி, செத்தவராகப் பாவித்து, சோறு படைத்துக் கும்பிடுவார்கள். அப்புறம் பிடுங்கி ஆற்றில் விட்டுவிடுவார்கள். எங்கள் அப்புச்சியின் கல்லைப் பவானியில் விட்டோம். புலியைக் குத்தியவனுக்குத் தோட்டத்தில் நின்றுகொண்டே இருக்கும் கல், நிலக்கடலை விளைவித்தே வாழ்நாள் கழித்தவருக்குச் சில நாள் கல். ஆனாலும் அவருக்கும் ஒரு கல் உண்டு. அதை நினைக்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

எல்லாருக்கும் அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. நாங்கள் போன ஓர் ஊரில் சாதிக்கு ஒரு சுடுகாடு. ஒன்றுக்குத் தகரக் கூரையும், தண்ணீர்க் குழாயும், சிமெண்டுப் பாதையும் உண்டு. இன்னொன்று ஓடைப் புறம்போக்கில் முள்ளுக்கு நடுவே. பாதை கேட்டதற்காகவே அங்கே தகராறு நடந்திருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் பாடை போகக் கூடாது என்று மறித்தபோது, மழையில் இடுப்பளவு தண்ணீரில் ஓடை வழியே தூக்கிப் போனார்களாம். ஊர்ச் சாவுக்கெல்லாம் பறையடித்து, குழி வெட்டி, வேகும்வரை காவல் இருந்தவர்கள் அவர்கள்தான். பிணத்தை எப்படி வைத்தால் நன்றாக வேகும், மழைக்காலத்தில் குழி எவ்வளவு ஆழம் வேண்டும், எந்த மேட்டில் யார் இருக்கிறார் என்று அந்த ஊரில் முழுசாகத் தெரிந்தவரும் அவர்களில் ஒரு பெரியவர்தான். நாங்கள் கேட்கக் கேட்க அவர் கையை நீட்டி நீட்டி, இது இன்னாருடைய அப்பன், அது பிரசவத்தில் போன பொண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் தன் ஊர்ச் சுடுகாட்டுக்கு வெளியே நின்றுதான் சொன்னார். உள்ளே வேலைக்குப் போகலாம், கடைசியில் படுக்கப் போக முடியாது. இதைச் சகித்துக்கொண்டு நாம் மரபு என்று பேசுவது எனக்குக் கூசுகிறது. செத்த பிறகாவது ஒரே மண் என்று சட்டமும் ஊராட்சியும் நினைத்தால் ஒரு நாளில் செய்துவிடலாம்.

அவிநாசி சாலையில் வேன் கோவையை நெருங்கும்போது சின்னியம்பாளையத்தில் கடைசி நிறுத்தம். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். நான்கு மில் தொழிலாளர்கள், சங்கத்துக்காரர்கள். ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நால்வரையும் ஒன்றாக அடக்கம் செய்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. வருடா வருடம் ஜனவரி 8 அன்று செங்கொடியோடு வந்து மாலை போடுகிறார்கள். மில் அண்ணன் நான்கு பெயரையும் பார்க்காமலே சொன்னார். அவருடைய அப்பா அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தான் அவரைச் சங்கத்தில் சேர்த்தாராம். ராஜா வைத்த கல் இல்லை, சாமியாடி வைத்த கல்லும் இல்லை. கூட வேலை செய்தவர்கள் கூலியில் போட்ட காசு.

அங்கே நின்றபடியேதான் நர்சம்மா அந்த யோசனையைச் சொன்னார். பிளேக்குக்குக் கோயிலாவது இருக்கிறது, கொரோனாவில் போன கோவைக்காரர்களுக்கு ஒன்றுமே இல்லை. மயானப் பதிவேடுகளில் பெயர்கள் இருக்கின்றன, வயது இருக்கிறது. குடும்பங்கள் சம்மதித்தால் அந்தப் பெயர்களைக் கல்லில் வெட்டி ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்றார். மாநகராட்சிக்கு மனு எழுத ஆரம்பித்திருக்கிறோம். வாத்தியார் வரைவு போட்டுக் கொடுத்துவிட்டார். கல்வெட்டும் கூலியும் எவ்வளவு ஆகும் என்று நகைப் பட்டறைக்காரர் விசாரித்து வைத்திருக்கிறார். எந்த இடம் என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை. எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அரசு மருத்துவமனைக்கு எதிரே வைக்க வேண்டும் என்கிறார் வாத்தியார். அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று அழுதவர்கள் திரும்பி வந்து பார்க்கிற மாதிரி ஆத்துப்பாலத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறார் நர்சம்மா. நான் நர்சம்மா பக்கம்.